கோப்பி வண்டியும் கொள்கலன் லொறியும்: வீதியை உடைப்பவர் யார், செலவைச் சுமப்பவர் யார்?



அன்பின் இரத்மலானை உறவுகளே, தெஹிவளை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் இருந்து வாசிக்கும் நண்பர்களே,

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் இப்போது வீடு வீடாகக் கையெழுத்து சேர்க்கிறார்கள். கொள்கலன் லொறிகளும் டிப்பர்களும் வந்து போய் வீதி உடைந்து கிடக்கிறது. மழை பெய்தால் எது குழி, எது வீதி என்று தெரியாது. வெள்ளைச் சீருடையோடு போகும் பிள்ளைகள் சேற்றோடு பாடசாலைக்கு வருகிறார்கள். த்ரீவீல்காரர் உள்ளே வரத் தயங்குகிறார். நோயாளியைக் கொண்டு போகவும் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் கால் வைக்க இடம் பார்க்க வேண்டியிருக்கிறது.

கையெழுத்து வைக்க வந்த ஒரு வாப்பா என்னிடம் கேட்டார்: "சேர், இதெல்லாம் குடுத்து என்ன நடக்கப் போகுது? பெரிய ஆக்கள்ட லொறி. நாங்க சொன்னா கேப்பாங்களா?"

நியாயமான கேள்வி. நான் வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால் வரலாற்றிலிருந்தே பதில் சொல்லப் பார்க்கிறேன். பார வண்டி வீதியை உடைப்பதும், அதைத் திருத்தச் சொல்லி மக்கள் கேட்பதும் இந்த நாட்டுக்குப் புதிய விஷயம் இல்லை. ஏறக்குறைய 180 வருடப் பழைய வழக்கு இது.

முதலில் எங்கள் முன்னோர்களில் இருந்து தொடங்குவோம். கண்டி இராச்சியக் காலத்தில் மலைநாட்டுக்கு வண்டிப் பாதை கிடையாது. மன்னர்கள் அப்படியொரு பாதையை விரும்பவும் இல்லை. காடும் கணவாயும்தான் அவர்களுக்குக் கோட்டை. அந்த நாளில் கரையிலிருந்து உப்பையும் கருவாட்டையும் துணியையும் மலைக்கு ஏற்றி, அங்கிருந்து பாக்கை இறக்கிய வியாபாரிகளில் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். முதுகில் பொதி ஏற்றிய மாடுகளை வரிசையாக நடத்திச் செல்வார்கள். இதைத் தவளம் என்பார்கள். அரசனின் போக்குவரத்துப் பகுதியான மடிகே பத்தவிலும் எம்மவர்கள் வேலை செய்தார்கள். பொதிமாட்டுக்கு ஒற்றையடிப் பாதை போதும். அது பாதையை உடைப்பதும் இல்லை.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1820களில் எட்வர்ட் பார்ன்ஸ் தேசாதிபதி கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெரிய பாதை வெட்டினார். படையைக் கொண்டு போவதுதான் முதல் நோக்கம். வெட்டியவர்கள் கிராமத்து மக்கள். இராஜகாரியம் என்ற பழைய கட்டாய வேலை முறையைக் காட்டி, கூலி கொடுக்காமலே அவர்களிடம் வேலை வாங்கினார்கள். அந்தப் பாதையை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். கடுகண்ணாவையில் இன்றும் நிற்கும் கோபுரம் அவர் நினைவாக எழுப்பப்பட்டது. கல் உடைத்தும் காய்ச்சலில் விழுந்தும் செத்துப் போன கிராமத்தானுக்குக் கோபுரம் இல்லை.

1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. அதே காலத்தில் மலையில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. படைக்காக வெட்டிய பாதையில் இப்போது கோப்பி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் இறங்கின. மலையிலிருந்து கோப்பி கீழே வந்தது, தோட்டத்துக்கு அரிசி மேலே போனது. சொந்தமாக வண்டி வைத்திருந்த கரையோரத்து ஆட்கள் சிலர் இந்தத் தொழிலால் வசதியும் கண்டார்கள். ஆனால் பாதையின் கதி என்ன? வண்டிச் சில்லில் இரும்புப் பட்டை. மூட்டைகளின் முழுப் பாரமும் அந்த ஒடுங்கிய பட்டை வழியாகப் பாதையில் இறங்குகிறது. வெயில் காலத்தில் தாங்கும். மழை இறங்கினால் சில்லுத் தடம் வாய்க்காலாகும், வாய்க்காலில் தண்ணீர் நிற்கும், அடுத்த வண்டி அதைக் குழியாக்கும். இன்று எங்கள் ஒழுங்கையில் நடப்பதும் இதேதான்.

இந்த இடத்தில்தான் வரலாற்றின் பெரிய கேள்வி எழும்புகிறது. உடைந்த பாதையை யார் செலவில் திருத்துவது?

1847இல் டொரிங்டன் பிரபு தேசாதிபதியாக வந்தார். கோப்பி விலை விழுந்திருந்தது, அரசாங்கத்திடம் காசில்லை. 1848இல் நாய்க்கு வரி, துவக்குக்கு வரி, கடைக்கு வரி என்று வரிசையாக விதித்தார். அவற்றோடு வந்தது பாதைச் சட்டம். வேலை செய்யக்கூடிய வயதில் இருக்கும் ஒவ்வோர் ஆணும் வருடத்துக்கு 6 நாள் பாதையில் வேலை செய்ய வேண்டும், முடியாவிட்டால் 3 சிலிங் கட்ட வேண்டும். தோட்டத்துக்காரனுக்கும் ஆறு நாள், ஏழைக் கமக்காரனுக்கும் அதே ஆறு நாள். முன்னவனுக்கு 3 சிலிங் ஒரு காசே இல்லை. பின்னவனுக்கு அது பல நாள் உழைப்பு. பாதையைத் தேய்த்தது கோப்பி வண்டி, கல் உடைக்கச் சொன்னது வண்டியே இல்லாதவனை. 16 வருடத்துக்கு முன் ஒழித்த இராஜகாரியம் வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டதாக மக்கள் நினைத்ததில் வியப்பில்லை.

அந்த ஜூலையில் கண்டியிலும் கொழும்பிலும் மக்கள் திரண்டார்கள். 'கொழும்பு ஒப்சேர்வர்' பத்திரிகை ஆசிரியர் டொக்டர் எலியட் என்ற ஐரிஷ்காரர் மக்கள் பக்கம் நின்று எழுதினார். மாத்தளையிலும் குருநாகலிலும் அது கிளர்ச்சியாக வெடித்தது. இராணுவச் சட்டம் வந்தது. ஓகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். எங்கள் பாடப் புத்தகத்தில் இதைச் சுதந்திரப் போராட்டமாகப் படிக்கிறோம், சரிதான். ஆனால் அதன் வேர்களில் ஒன்று, பாதைச் செலவை யார் தலையில் கட்டுவது என்ற கணக்கு என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் அழுத்திச் சொல்வதில்லை.

பிறகு என்ன நடந்தது? இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரை விசாரணை போனது, 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். பல வரிகள் நீங்கின. பாதைச் சட்டம் மட்டும் நீங்கவில்லை! தலைவரி என்ற பெயரில் இன்னும் 70 வருடத்துக்கு மேல் ஓடியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 'யங் லங்கா லீக்' இளைஞர்கள் அதை எதிர்த்துக் கிளம்பினார்கள். அப்போது வருடத்துக்கு 2 ரூபா, அல்லது 6 நாள் வேலை. பின்னாளில் கொழும்பின் தொழிலாளர் தலைவராக விளங்கிய ஏ. ஈ. குணசிங்க காசு கட்ட மறுத்து, வீதி வேலைக்கே போனார். 1920களின் தொடக்கத்தில்தான் அந்த வரி ஒழிந்தது.

இதே காலத்தின் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள்.

டொரிங்டனுக்குப் பின் வந்த ஜோர்ஜ் அண்டர்சன் தேசாதிபதி செலவைச் சுருக்குவதிலேயே குறியாக இருந்தார். பாதைகள் கவனிப்பாரற்றுக் கெட்டன. கோப்பி மலையில் தேங்கியது. தோட்டத்துரைமார் என்ன செய்தார்கள்? கோபப்பட்டுவிட்டு வீட்டில் இருக்கவில்லை. 1854இல் கண்டியில் கூடித் தோட்டத்துரைமார் சங்கத்தை அமைத்தார்கள். பாதையும் பாலமும் ரயிலும்தான் அவர்களின் முதல் கோரிக்கைகள். கொழும்பு வர்த்தக சங்கம் 1839இலிருந்தே இருந்தது. இரண்டு தரப்பும் கணக்குக் காட்டின: இவ்வளவு கோப்பி இறங்குகிறது, வண்டிக் கூலி இவ்வளவு, பாதை கெட்டதால் நட்டம் இவ்வளவு. எழுதினார்கள், திரும்பத் திரும்ப எழுதினார்கள். லண்டனுக்கும் எழுதினார்கள்.

1855இல் வந்த ஹென்றி வார்ட் தேசாதிபதி பாதைக்கும் பாலத்துக்கும் பெருந்தொகை ஒதுக்கினார். 1858இல் ரயில் பாதைக்கு முதல் மண் வெட்டப்பட்டது. 1864 டிசம்பரில் அம்பேபுஸ்ஸை வரை முதல் ரயில் ஓடியது. 1867இல் ரயில் கண்டியை அடைந்தது. இந்தச் செலவுக்காகக் கோப்பி ஏற்றுமதியில் தீர்வை எடுக்கவும் துரைமார் இணங்கியிருந்தார்கள். தோட்டங்களுக்குப் போகும் கிளைப் பாதைகளுக்கு அரசாங்கம் பாதி, தோட்டங்கள் பாதி என்று செலவைப் பகிரும் முறையும் பின்னர் வந்தது.

நான் அந்தத் துரைமாரைப் புகழ வரவில்லை. அவர்களிடம் பணமும் அதிகாரமும் இருந்தன, தேசாதிபதியின் காதும் அவர்கள் பக்கம் இருந்தது. ஆனாலும் பாடம் எடுக்க இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, அவர்கள் கேட்டது ஒரு முறை தார் ஊற்றும் சலுகையை அல்ல. பாரத்தைப் பாதையிலிருந்து எடுத்து வேறு வழியில் விடச் சொன்னார்கள். மற்றது, பாரம் ஏற்றுபவன் பாதைச் செலவில் பங்கு தர வேண்டும் என்ற கொள்கை அன்றே இந்த நாட்டில் ஏற்கப்பட்டுவிட்டது.

வெளிநாட்டிலும் இந்த வழக்கு நடந்திருக்கிறது. இங்கிலாந்துக் கிராமங்களில் நீராவி இயந்திர வண்டிகள் ஓடத் தொடங்கியபோது வீதிகள் நொறுங்கின. கிராம மக்களின் வரிப் பணத்தில் திருத்தி மாளவில்லை. அதனால் 1878இல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். அளவுக்கு மிஞ்சிய பாரத்தாலோ வழக்கத்துக்கு மாறான போக்குவரத்தாலோ ஒரு வீதி கெட்டால், சாதாரணமாக ஆகும் செலவுக்கு மேலாக ஆன தொகையை வீதிக்குப் பொறுப்பான சபை அறவிடலாம். யாரிடம்? யாருடைய கட்டளையின் பேரில் அந்தப் பாரம் கொண்டு செல்லப்பட்டதோ, அவரிடம். இந்தச் சொல்லைக் கவனியுங்கள். சட்டம் கை காட்டுவது சாரதியை அல்ல, கட்டளை கொடுத்தவரை. இதே ஏற்பாடு அங்கே 1980ஆம் ஆண்டின் வீதிச் சட்டத்திலும் 59ஆம் பிரிவாக நிற்கிறது.

பாரம் எவ்வளவு கெடுக்கும் என்பதையும் பிறகு அளந்து பார்த்தார்கள். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் பரிசோதனைக்கென்றே வீதிகளைப் போட்டு, இராணுவச் சாரதிகளைக் கொண்டு இரண்டு வருடம் லொறி ஓட்டினார்கள். அதிலிருந்து வந்ததுதான் பொறியியலாளர்கள் சொல்லும் நான்காம் அடுக்கு விதி. ஓர் அச்சில் இறங்கும் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு வரும் சேதம் இரண்டு மடங்கு அல்ல, சுமார் 16 மடங்கு. ஓ/எல் கணிதம் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு காரின் அச்சில் அரை தொன், ஒரு லொறியின் அச்சில் 8 தொன் என்று வைப்போம். பாரம் 16 மடங்கு. 16ஐ நான்கு தடவை பெருக்கினால் 65,536. அதாவது அந்த லொறி அச்சு ஒரு தடவை போவதும், கார் அச்சு அறுபத்தைந்தாயிரம் தடவைக்கு மேல் போவதும் வீதிக்கு ஏறக்குறைய ஒன்று. 8 தொன் ஏற்ற வேண்டிய அச்சில் 10 தொன் ஏற்றினால், கூடியது கால் பங்கு பாரம், சேதமோ கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. இது அண்ணளவான விதிதான். இருந்தாலும் "எல்லாருடைய வாகனமும்தானே போகுது" என்று சொல்பவருக்கு இந்தக் கணக்குப் போதும்.

வடசென்னையிலும் இதே பாடுதான். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகள் திருவொற்றியூர், எண்ணூர், மணலிப் பக்க வீதிகளில் கிலோமீற்றர் கணக்கில் வரிசையாக நின்றன. குடியிருப்பாளர்கள் வருடக் கணக்காகக் குரல் கொடுத்தார்கள். கடைசியில் எண்ணூர்–மணலி வீதி மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று வந்தது. அதன் செலவில் நெடுஞ்சாலை ஆணையத்தோடும் மாநில அரசோடும் சென்னை, எண்ணூர் துறைமுகங்களும் பங்கு எடுத்தன. இழுபறிகள் நிறைய. ஆனால் பாரத்தால் வருமானம் காண்பவர் வீதிக்கும் பங்கு தர வேண்டும் என்ற கொள்கை அங்கேயும் நின்றது.

இனி எங்கள் ஊருக்கு வருவோம்.

கரையோர ரயில் 1877இல் இந்தப் பக்கத்தைக் கடந்து போனது. 1930களில் விமான நிலையமும் ரயில்வே வேலைத்தளமும் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு தொழிற்சாலைகளும் களஞ்சியங்களும் பெருகின. அவை எங்கள் ஊருக்குச் சோறு போட்டிருக்கின்றன, அதை மறக்கக் கூடாது. ஆனால் பிரதான வீதியிலிருந்து உள்ளே பிரியும் பல ஒழுங்கைகள், கொள்கலன் லொறியை மனதில் வைத்துப் போடப்பட்டவை அல்ல. கிழக்கே வெரஸ் கங்கைப் பக்கம் தாழ்ந்த ஈர நிலம். அடியில் ஈரம் நின்றால் மேலே எவ்வளவு கார்பட் போட்டாலும் பாரத்துக்குத் தாங்காது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பாதையைக் கோப்பி வண்டிகளிடமிருந்து காப்பாற்ற ரயில் கேட்டது இந்த நாடு. அந்த ரயில்களைத் திருத்தும் பெரிய வேலைத்தளம் இருப்பது எங்கள் இரத்மலானையில். ஆனால் இன்று நாட்டின் சரக்கில் பெரும் பகுதி ரயிலில் அல்ல, லொறியில்தான் போகிறது.

ஆகவே அந்த வாப்பாவுக்கு என் பதில் இது. வெறும் கையெழுத்தால் பெரிதாக எதுவும் நடக்காமல் போகலாம். கணக்கோடு போகும் கையெழுத்துக்குப் பலம் வேறு. நாங்கள் செய்யக் கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, வீதி யாருடையது என்று அறிவோம். 'ஏ', 'பி' தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. காலி வீதி ஏ2. 'சி', 'டி' தர வீதிகள் மாகாண சபைக்கு. உள் வீதிகளும் ஒழுங்கைகளும் பொதுவாக உள்ளூராட்சி மன்றத்துக்கு, எங்களுக்கு அது தெஹிவளை–கல்கிசை மாநகர சபை. தவறான இடத்துக்குக் கடிதம் போனால் "இது எங்களுடையதல்ல" என்ற ஒரு வரியோடு ஆறு மாதம் போய்விடும். சந்தேகம் இருந்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டியது தகவல் அதிகாரியின் கடமை. வீதி யாருடையது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, எவ்வளவு செலவானது, இந்த வருடத் திட்டத்தில் இருக்கிறதா: இந்த நான்கு கேள்வியும் போதும்.

இரண்டாவது, ஒரு வாரம் எண்ணுவோம். எத்தனை லொறி, எந்த நேரம், எத்தனை சில்லு, எந்த வாசலுக்குள் போகிறது. ஓய்வு பெற்ற மூத்தவர்கள் பகலில் எண்ணலாம், வாலிபர்கள் இரவில் எண்ணலாம். குழிகளைத் திகதியோடு படம் எடுங்கள், மழைக்கு முன்னும் பின்னும். 1854இல் துரைமாரிடம் இருந்தது இந்தக் கணக்குத்தான். 1848இல் கிராமத்தானிடம் இல்லாததும் இதுதான்.

மூன்றாவது, கேட்பதைச் சரியாகக் கேட்போம். தார் மட்டும் கேட்டால் தார் மட்டும் வரும், அடுத்த மாரியில் போய்விடும். வடிகால் கேட்க வேண்டும். ஒழுங்கைக்குப் பாரக் கட்டுப்பாடு கேட்க வேண்டும். பாடசாலை தொடங்கும், விடும் நேரங்களில் கனரக வாகனத்தை நிறுத்தக் கேட்க வேண்டும். களஞ்சிய உரிமையாளரையும் மேசைக்கு அழைத்து, திருத்தச் செலவில் அவர் பங்கு என்ன என்று மரியாதையாகக் கேட்க வேண்டும்.

நான்காவது, சாரதியோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவரும் எங்களைப் போல ஒரு வீட்டின் தகப்பன். எந்த வீதியால் போவது, எவ்வளவு ஏற்றுவது என்பதை அவர் முடிவு செய்வதில்லை. லொறிக்குக் கல் எறிவதும் வீதியை மறித்து அம்பியூலன்ஸைத் தடுப்பதும் எங்கள் நியாயத்தை நாங்களே கெடுப்பது.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்து, 2025 மே 6ஆம் திகதி தேர்தல் வரும் வரை இரண்டு வருடத்துக்கு மேல் எங்களுக்கென்று கேட்க ஒரு சபை உறுப்பினர்கூட இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள். எந்தக் கட்சி என்று பார்க்காமல் எல்லோரிடமும் ஒரே மனுவைக் கொடுப்போம். இது முஸ்லிம் வீதியோ தமிழ் வீதியோ சிங்கள வீதியோ அல்ல. பன்சலைக்குப் போகும் ஆச்சியும் கோவிலுக்குப் போகும் அக்காவும் பள்ளிக்குப் போகும் நானாவும் ஒரே குழியில்தான் கால் வைக்கிறார்கள். மனுவும் மூன்று மொழியிலும் போகட்டும். சிங்களத்தில் எழுத எங்கள் பாடசாலை ஆசிரியர் ஒருவர் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று சிறு வயதிலேயே படித்தவர்கள் நாங்கள். முள்ளும் கல்லும் என்றால் கையால் எடுத்துப் போடலாம். 8 தொன் அச்சு போட்ட குழியை அகற்ற ஊரே சேர வேண்டும், எழுத வேண்டும், விடாமல் கேட்க வேண்டும். அந்தத் தலைவரியை ஒழிக்க 70 வருடத்துக்கு மேல் எடுத்தது. எங்கள் ஒழுங்கைக்கு அவ்வளவு காலம் வேண்டியிராது, இன்ஷா அல்லாஹ்.

வீட்டில் பழைய கடிதங்கள், சபைக்குக் கொடுத்த மனுவின் பிரதிகள், வீதியின் பழைய படங்கள் இருந்தால் எடுத்து வையுங்கள். எண்ணுவதற்கு ஒரு மணித்தியாலம் தரக் கூடியவர்கள் எனக்குச் செய்தி அனுப்புங்கள். நேர அட்டவணை ஒன்று போட்டுக் கொள்வோம்.